சம்பளம் வாங்காத பதவியையும் எழுதுங்கள், தம்பி

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: அமெரிக்காவுக்குப் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) வேலைக்கு வந்து நான்கு மாதம். உங்கள் பேராசிரியர் என்.ஐ.எச். (அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு) நிதிக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் முக்கிய ஆய்வாளர்களில் ஒருவராக உங்கள் பெயரையும் சேர்க்கிறார். கோவையில் பழைய கல்லூரியில் சம்பளமில்லாமல் இன்னும் உதவிப் பேராசிரியராக இருக்கிறீர்கள். அங்கே இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை (டி.எஸ்.டி.) நிதி தரும் ஒரு திட்டத்தில் இணை ஆய்வாளரும் கூட. "பைசா வாங்கவில்லையே அக்கா, எழுதினால் வம்பு வருமா?"

எழுதுங்கள். இரண்டையும் எழுதுங்கள்.

இங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிதி அலுவலகத்தில் 14 வருடமாக இந்தப் படிவங்களோடுதான் இருக்கிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் இடறுவது இந்தப் 'பைசா வாங்கவில்லை' என்ற இடத்தில்தான். சம்பளம் வந்தாலும் வராவிட்டாலும் பதவி பதவிதான். அது உங்கள் படிப்பு, பதவிகளைச் சொல்லும் பயோஸ்கெட்சில் வர வேண்டும். திட்டம், உங்களுக்கு இருக்கும் மற்ற ஆய்வு ஆதரவுகளைப் பட்டியலிடும் 'அதர் சப்போர்ட்' படிவத்தில் வர வேண்டும், அதற்கு வருடத்தில் எத்தனை மாத உழைப்பு போகிறது என்ற கணக்கோடு. வாரத்துக்கு அரை நாள் என்றால் பத்து சதவீதம், அதாவது 1.2 மாதம். 2022 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுப் பதவிக்கான ஒப்பந்த நகலையும் என்.ஐ.எச். கேட்கிறது, தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். கல்லூரியிலிருந்து நியமனக் கடிதத்தை இப்போதே வாங்கி வையுங்கள்.

என்.ஐ.எச். பார்ப்பது, ஒரே வேலைக்கு இரண்டு இடத்தில் நிதி வருகிறதா, ஒரே ஆளின் நேரம் இரண்டு இடத்தில் கணக்கு காட்டப்படுகிறதா என்பதைத்தான். சிப் தயாரிப்புக்கும் அறிவியல் ஆராய்ச்சிக்குமான 2022ஆம் ஆண்டின் அமெரிக்க சிப்ஸ் சட்டம் கவலைக்குரியவை என்று பெயர் சொல்லும் நாடுகள் சீனா, ரஷ்யா, ஈரான், வட கொரியா. இந்தியா அதில் இல்லை. ஹார்வர்டில் இருந்த வேதியியலாளர் சார்ல்ஸ் லீபர் வழக்கை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. 2021 டிசம்பரில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது சீனாவின் வூஹானில் வேலை பார்த்ததற்காக இல்லை. விசாரித்தவர்களிடம் பொய் சொன்னதற்காகவும், அந்த வருமானத்தையும் வங்கிக் கணக்கையும் மறைத்ததற்காகவும். நீங்கள் எழுதிக் கொடுத்த தாள் உங்களைக் காப்பாற்றும், தம்பி. எழுதாமல் விட்டதை நாளைக்கு யாராவது அந்தக் கல்லூரி இணையதளத்தில் பார்த்தால் என்ன பதில் சொல்வீர்கள்?

கோவையில் சம்பளம் தரத் தொடங்கினால் மட்டும் கதை வேறு. வாங்குவதற்கு முன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர், ஆய்வாளர் அலுவலகத்தில் கேளுங்கள். விசா அவர்கள் பாடு.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். டிசம்பரில் ஆய்வு நிதியில் சென்னை மாநாட்டுக்குப் போவதாக எழுதியிருந்தீர்கள். நான் ஆய்வகத்தில் இருந்த காலத்தில், மலிவாகக் கிடைக்கிறதே என்று வளைகுடா விமானத்தில் டிக்கெட் எடுத்துவிட்டேன். திரும்பி வந்து ரசீது கொடுத்தால் ஒரு டாலர்கூடத் தரவில்லை. அமெரிக்க அரசு நிதியில் பறந்தால் அமெரிக்க நிறுவன விமானம் என்கிறது ஃப்ளை அமெரிக்கா சட்டம். மலிவு என்பது அதில் விதிவிலக்கே இல்லை. மூன்று மாதம் அந்தக் கடனை அடைத்தேன். டிக்கெட்டில் யுனைடெட்டின் விமான எண் இருந்தால் போதும், பறப்பது லுஃப்தான்சா விமானமாக இருந்தாலும் செல்லும். பணம் கட்டும் முன் உங்கள் துறையின் கிராண்ட் அலுவலரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.