ரேகை, ரேஷன், வங்கிக் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

என் மாமியார் முப்பது வருஷமாக உப்பளத்தில் வாரியவர். ரேஷன் கடையில் ரேகை விழவில்லை, பொருள் இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, வேதாரண்யம்

ரேகை பதியவில்லை என்பதற்காகப் பொருளை மறுக்கக் கூடாது. ஆதார் ஆணையம் 2017 அக்டோபரிலேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது.

உப்பில் ஊறி வெடித்த தோலில் ரேகையின் மேடு பள்ளம் கருவிக்குத் தெரியாது. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, மிக வறண்டிருந்தால் ஈரத்துணியில் லேசாக ஒற்றிவிட்டு வைக்கச் சொல்லுங்கள். கருவியின் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் விழாது. தேய்ந்த கட்டைவிரலையே திரும்பத் திரும்ப அழுத்துவதில் பயனில்லை. பத்து விரலையும் பாருங்கள், மோதிர விரல் பலருக்கு நன்றாக இருக்கும். அதுவும் இல்லையென்றால் கருவிழி, பிறகு செல்பேசிக்கு வரும் ஓடிபி. அட்டையில் பெயருள்ள வேறு எவர் ரேகை வைத்தாலும் போதும். தனியாக இருக்கும் முதியவர் என்றால், அவருக்காக வாங்கி வருபவரை நியமிக்க வட்ட வழங்கல் அலுவலரிடம் படிவம் கொடுக்கலாம். அதற்கும் மசியாத கடையா? ரேஷன் புகார் எண் 1967-க்குப் பேசுங்கள்.

நிலப் பத்திரத்தில் இருக்கும் ரேகையை எடுத்து வங்கியில் பணம் திருடுகிறார்களாமே, உண்மையா? போன மாசிதான் ஒரு மா நிலம் பதிந்தோம்.
– வாசகர், மன்னார்குடி

உண்மைதான். வேறு மாநிலங்களில் பதிவான பத்திரங்களின் ரேகைப் படத்தைச் சிலிகானில் வார்த்து, மைக்ரோ ஏடிஎம் கருவியில் வைத்துப் பணம் எடுத்திருக்கிறார்கள். ஊருக்குள் வங்கி முகவர் வைத்திருப்பாரே, அதே கருவிதான். ஆதார் எண், வங்கிப் பெயர், ரேகை மூன்றும் போதும். அட்டை வேண்டாம், பின் எண் வேண்டாம், ஓடிபியும் வராது. வார்ப்பு விரலைக் கண்டுபிடிக்க 2023-இல் ஆணையம் புதுச் சோதனை கொண்டுவந்தது. என்றாலும் பூட்டு உங்கள் கையில் இருப்பதே நல்லது. கசிந்த கடவுச்சொல்லை மாற்றிவிடலாம், விரலை மாற்ற முடியாதே.

ஆதார் செயலியிலோ ஆணையத்தின் இணையதளத்திலோ ‘பயோமெட்ரிக் லாக்’, அதாவது ரேகையையும் கருவிழியையும் எவரும் பயன்படுத்த முடியாத பூட்டு, போடுங்கள். ஆதாரில் பதிந்த செல்பேசி எண் உயிரோடு இருந்தால்தான் முடியும். இல்லையெனில் முதலில் ஆதார் மையத்தில் எண்ணை மாற்றுங்கள். பூட்டியபின் நூறு நாள் கூலியும் கிசான் பணமும் வழக்கம்போல் கணக்கில் ஏறும். ஆனால் ரேஷன் கடையிலும் உங்கள் ரேகை வேலை செய்யாது. இதை மறந்துவிட்டு, கருவி பழுது என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு! கடைக்குப் போகுமுன் தற்காலிகமாகத் திறந்துகொள்ளுங்கள். ஆதார் எங்கெங்கே பயன்பட்டது என்ற ஆறு மாதக் கணக்கும் இணையதளத்தில் கிடைக்கும். மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930-க்குச் சொல்லிவிட்டு, வங்கியில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தவறு உங்கள் பக்கமோ வங்கிப் பக்கமோ இல்லாத திருட்டில், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் நஷ்டம் உங்களுடையதல்ல என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. நான்கு முதல் ஏழு நாள் வரை ஆனால் ஓரளவு உங்கள் தலையில் விழும். எஸ்எம்எஸ் வரும் எண் வங்கியில் சரியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

லாட்ஜில் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?
– வாசகர், கும்பகோணம்

ஏதாவது ஓர் அடையாள அட்டை போதும். ஓட்டுநர் உரிமம் காட்டுங்கள். ஆதார்தான் கையில் இருக்கிறதென்றால், முதல் எட்டு இலக்கம் மறைத்த ‘மாஸ்க்டு ஆதார்’ நகலில் காரணமும் தேதியும் எழுதிக் கொடுங்கள். பிரவுசிங் சென்டரில் பதிவிறக்கினால் கோப்பையும் கணினியின் குப்பைத் தொட்டியில் கிடப்பதையும் சேர்த்து அழித்துவிட்டு எழுந்திருங்கள். அந்தக் கோப்பின் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருஷமும்தான். தெருவில் பாதிப் பேருக்கு அது தெரியும்.