அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நிறுத்தும் சைக்கிள் திருடு போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

காவலாளியும் கேமராவும் இருக்கும் குடியிருப்பில் சைக்கிளுக்கென்று தனிப் பூட்டு அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசியம். காவலாளியையும் கேமராவையும் நம்பித்தான் 2019-இல் என் மகளின் சைக்கிளைப் பறிகொடுத்தேன். அதனால் இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுச் சும்மா போக எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் சென்னையில், கடல் காற்று வீசும் தூரத்தில் குடியிருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்புக்குப் போனபோது, சீட்டுப் பணம் எடுத்து 14,500 ரூபாய்க்குக் கியர் சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரர் நீல நிறக் கேபிள் பூட்டு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். அதை முன்சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் இடையே கோத்துப் பூட்டிவிட்டு, தூணில் சாய்த்து நிறுத்துவது அவள் வழக்கம். அரசுத் தேர்வுக்கான படிப்பு விடுமுறையில் பத்து நாள் சைக்கிளை யாரும் தொடவில்லை. பதினோராம் நாள் கீழே இறங்கிப் போனவள், சைக்கிளைக் காணோம் என்று அழுதபடி திரும்பி வந்தாள். தூணுக்குப் பின்னால் பூட்டு மட்டும் கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். நீல உறைக்குள் தலைமுடியைவிடச் சற்றே தடித்த எஃகு இழைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளத்தில் அறுபட்டு, பிரிந்த கயிற்று நுனியைப் போல நாலாபுறமும் வளைந்து நின்றன. பெரிய கருவி எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை. சாதாரணக் கட்டிங் பிளேயரால் நான்கைந்து முறை கடித்திருக்கிறார்கள். கேமரா வாசலைப் பார்த்துத்தான் இருந்தது. ஆனால் அதன் பதிவு ஏழு நாளுக்கு மேல் நிற்காது என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

காவல் நிலையத்தில் பில்லையும் ஃபிரேம் எண்ணையும் கேட்டார்கள். என்னிடம் இரண்டும் இல்லை. சி.எஸ்.ஆர். என்னும் மனு ரசீதோடு திரும்பி வந்தேன். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆயிரம் சைக்கிள்களுக்கு நடுவே இதுதான் என்னுடையது என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாதபோது அவர்கள் எதை வைத்துத் தேடுவார்கள்? எனக்கு இன்றும் ஆறாதது குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் சொன்ன ‘சைக்கிள்தானே போச்சு’ என்ற சொல். ஒவ்வொரு காருக்கும் தரையில் எண் எழுதி இடம் ஒதுக்கியவர்கள், சைக்கிள்களை மோட்டார் அறைக்குப் பக்கத்து இருட்டு மூலைக்குத் தள்ளியிருந்தார்கள். சைக்கிளைக் கட்டிப் பூட்டத் தரையில் இரும்பு வளையங்கள் பதிக்கலாம் என்று நான் கேட்டதற்கு, தரை கெட்டுவிடும் என்று மறுத்தார்கள். என் சொந்தச் செலவில் செய்துகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்த பிறகே அனுமதி கிடைத்தது.

உங்களுக்கும் நான் முதலில் சொல்வது அந்த வளையத்தைத்தான். எதோடும் சேர்க்காமல் பூட்டிய சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போக இரண்டு பேரும் ஒரு லோடு ஆட்டோவும் போதும். பழைய சைக்கிள்களில் பின்சக்கரத்தோடு வரும் வளையப் பூட்டு சக்கரம் சுழல்வதை நிறுத்துமே தவிர, வண்டியைத் தூக்குவதை நிறுத்தாது. தூணில் துளை போட விடாதீர்கள், உள்ளே கம்பி இருக்கிறது. தரையிலோ செங்கல் சுவரிலோ ஆங்கர் போல்ட் அடித்து வளையத்தைப் பொருத்திய பின், ஸ்பேனர் போட்டுக் கழற்ற முடியாதபடி நட்டின் மேல் ஒரு வெல்டிங் பொட்டு வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பூட்டு. மெல்லிய கேபிள் பூட்டை, அது சாவியில் திறப்பதானாலும் எண்ணில் திறப்பதானாலும், இரவு முழுவதும் நிற்கும் வண்டிக்கு நம்ப வேண்டாம். குழாய் போன்ற வட்டச் சாவி போடும் மலிவான பூட்டுகளையும் தவிர்த்துவிடுங்கள். 2004-இல் அமெரிக்காவின் பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றின் அத்தகைய பூட்டையே பால்பாயின்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழலால் திறக்கலாம் என்று தெரிய வந்து, அவர்கள் பூட்டுகளை மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. ‘யு’ வடிவப் பூட்டு நல்லது. சிறிய ‘யு’ பூட்டைப் பின்சக்கரத்தின் ரிம்மைச் சுற்றி, ஃபிரேமின் பின்பகுதிக் குழாய்கள் சேர்ந்து அமைக்கும் முக்கோணத்துக்குள் வருமாறு நிலையான கம்பியோடு சேர்த்துப் பூட்டினாலே போதும் என்று ஷெல்டன் பிரவுன் என்ற அமெரிக்க சைக்கிள் மெக்கானிக் விளக்கியிருக்கிறார். ரிம்மை அறுக்காமல் சக்கரத்தை அந்த முக்கோணத்திலிருந்து வெளியே இழுக்க முடியாது என்பதால், ஒரே பூட்டில் சக்கரமும் ஃபிரேமும் அடங்கிவிடுகின்றன. ஆனால் வளையம் தரையில் இருந்தால் சிறிய ‘யு’ அதுவரை எட்டாது, எங்களுக்கும் எட்டவில்லை. நான் கெட்டியான கண்ணிகள் கொண்ட கடின எஃகுச் சங்கிலியை வாங்கி, பின்சக்கரத்தையும் ஃபிரேமையும் வளையத்தையும் ஒன்றாகக் கோத்துப் பூட்டுகிறேன். பூட்டைத் தரையில் கிடக்க விடாதீர்கள், தரையையே பட்டறைக்கல்லாக வைத்துச் சுத்தியலால் அடிக்க அது வசதியாகிவிடும். முன்சக்கரமும் சீட்டும் கையாலேயே கழற்றும் நெம்புகோலில் இருந்தால், அந்த நெம்புகோல்களை எடுத்துவிட்டு நட்டு போட்டுக்கொள்ளுங்கள்.

இரும்பு அறுக்கும் கிரைண்டர் இயந்திரத்தை வைத்தால் எந்தப் பூட்டும் நிற்காது என்று கருத்துப் பகுதியில் யாரேனும் எழுதுவார்கள். அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் நடுராத்திரியில் ஒரு குடியிருப்புக்குள் கிரைண்டர் ஓட்டும் துணிச்சல் வேறு, ஓசையில்லாமல் நீல உறையைக் கடித்து அறுக்கும் துணிச்சல் வேறு. சைக்கிளுக்கு இரண்டாயிரம் ரூபாயில் சங்கிலியா என்று கேட்பவர்களுக்கு, பிள்ளையின் வண்டி காணாமல் போன வீட்டில் அந்த வாரம் எப்படிக் கழியும் என்பது தெரியாது.

கடலோரத்தில் இருப்பவரானால் மாதம் ஒருமுறை சாவித்துளையில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசி படிந்து பிசுபிசுத்துவிடும்.

பில்லைப் பத்திரப்படுத்துங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆவது பிரிவின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி முதல்முறை தண்டனை பெறுபவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. ஆகவே உங்கள் வண்டியின் மதிப்பைக் காட்டும் காகிதம் உங்களிடம் இருப்பது முக்கியம். ஃபிரேம் எண் பெரும்பாலும் பெடல் அச்சு போகும் குழாயின் அடிப்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். சேறு படிந்து மறைந்திருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். இன்றிரவே வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து அந்த எண்ணைப் படம் எடுத்து, உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.