செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன்னுக்கு எந்த சோக் டியூப் போடுவது?

சோக் டியூப் என்பது குழல் முனையில் திருகி மாட்டும் சின்னக் குழாய். 12 போர் என்ற அளவுள்ள குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ.; ஃபுல் சோக் என்ற இறுக்கமான வகை அதில் ஏறக்குறைய 1 மி.மீ. குறுக்கும். தோட்டாவிலுள்ள ரவைகள் (சின்ன உலோக உருண்டைகள்) கூட்டமாகப் பறப்பவை. வாய் குறுகினால் கூட்டம் சீக்கிரம் கலையாது. தாமிரபரணிக் கரை வாழைத் தோட்டங்களில் மருந்தடிக்கும்போது பார்த்திருப்பீர்கள்: ஸ்பிரேயர் மூக்கைத் திருகினால் பூவாகத் தூவுவது கம்பியாகப் பாயும். அதேதான் இங்கேயும்.

சரி, எதை எடுப்பது? தூரத்தைப் பாருங்கள். பறக்கும் களிமண் தட்டைச் சுடும் ஸ்கீட் போட்டியில் தட்டு 20 மீட்டர் அளவில் உடையும், அகலமான சோக் போதும். டிராப் என்ற இன்னொரு தட்டுப் போட்டியில் தட்டு சுடுபவரை விட்டு விலகி ஓடுவதால் மாடிஃபைட் (நடுத்தர இறுக்கம்) அல்லது ஃபுல். செமி ஆட்டோமேட்டிக் என்பதற்காகத் தனிக் கணக்கு கிடையாது. மாற்றும்முன் தோட்டாவை வெளியே எடுத்துவிடுங்கள். டியூப் இல்லாமல் சுட்டால் மரை கெடும்.

இறுக்கமான சோக் ரவையின் வேகத்தைக் கூட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சிதறல்தான் குறையும், வேகம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும்.