சோலாருக்கு முன்னால் இரண்டு மின்விசிறிகள்

கேள்வி: திருச்சியில் சொந்த வீட்டில் மூன்று பேர் வசிக்கிறோம். இரண்டு மாதங்களுக்கு 600 யூனிட் மின்சாரம் செலவாகிறது. இரவெல்லாம் ஏசி ஓடும் கோடையில் அது 850ஐத் தொட்டுவிடும். 3 கிலோவாட் சோலார் அமைத்தால் மின் கட்டணமே வராது, கார்பன் உமிழ்வும் குறையும் என்கிறார் ஒரு முகவர். அதற்காக 2 லட்ச ரூபாய் வைப்பு நிதியை உடைக்கலாமா? வேறு சேமிப்பு இல்லை.

பதில்: உடைக்க வேண்டாம். அது உங்கள் அவசர கால நிதி. மருத்துவச் செலவு வந்தால் மாடியில் இருக்கும் சோலார் பலகையைக் கொண்டுபோய் மருத்துவமனையில் கட்ட முடியாது. அதைவிட முக்கியமான காரணம், நீங்கள் சேமிக்கக்கூடிய யூனிட்டுகள் எல்லாம் ஒரே விலை உடையவை அல்ல என்பது.

2024 ஜூலையில் உயர்த்தப்பட்ட கட்டணப்படி, வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 400ஐக் கடந்தால் யூனிட்டுக்கு 6 ரூபாய்க்கு மேல், 500ஐக் கடந்தால் 8 ரூபாய்க்கு மேல், 600ஐக் கடந்தால் 9 ரூபாய்க்கு மேல் என விலை படிப்படியாக ஏறுகிறது. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மொத்தப் பயன்பாடு 500ஐத் தாண்டிய கணமே, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த சலுகை போய், அவற்றின் விலை இரட்டிப்பாகிறது. ஆகவே 501ஆவது யூனிட் ஒன்று மட்டுமே உங்களுக்கு 200 ரூபாய்க்கு மேல் செலவு வைக்கிறது. உங்கள் முதல் இலக்கு, சாதாரண மாதங்களில் அந்த 500க்குக் கீழே இறங்குவதாகவே இருக்க வேண்டும்.

அதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட பிஎல்டிசி மின்விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. ஹாலிலும் படுக்கையறையிலும் நாளொன்றுக்கு 14 மணி நேரம் ஓடும் இரண்டை மட்டும் மாற்றினால் இரண்டு மாதங்களில் சுமார் 75 யூனிட் மிச்சமாகும். விருந்தினர் அறை மின்விசிறியை மாற்றுவது வீண் செலவு. சோக்குடன் எரியும் பழைய குழல் விளக்குகள் இரண்டு இருந்தால், அவற்றை 20 வாட் எல்இடியாக மாற்றுவதில் இன்னொரு 25 யூனிட் குறையும். தொலைக்காட்சியை ரிமோட்டால் அணைத்த பிறகும் மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும் செட்டாப் பாக்ஸைச் சுவர் சுவிட்சில் அணைப்பதற்குச் செலவே இல்லை. அதில் 10 யூனிட் வரை குறையலாம். மொத்தம் 110 யூனிட் குறைந்து நீங்கள் 490இல் நிற்பீர்கள். செலவு ஏறக்குறைய 6,500 ரூபாய். ஒவ்வொரு பில்லிலும் சுமார் 1,100 ரூபாய் மிச்சம். ஓராண்டிலேயே போட்ட பணம் திரும்பிவிடும். அதே 6,500 ரூபாயை 7 சதவீத வட்டியில் போட்டால் ஆண்டுக்கு 455 ரூபாய்தான் கிடைக்கும், அதுவும் வருமான வரிக் கணக்கில் சேரும். மிச்சம் பிடித்த கட்டணத்துக்கு வரி கிடையாது.

கோடைக்கு ஏசியைப் பாருங்கள். வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் குறையும் என்பது எரிசக்தி திறன் செயலகத்தின் கணக்கு. நீங்கள் 20இல் வைப்பவராக இருந்தால், 25இல் வைத்து மின்விசிறியையும் மெதுவாக ஓடவிடுங்கள். அந்த மாதங்களில் குறையும் யூனிட்டுகள் 9 ரூபாய்க்கு மேல் விலை கொண்டவை. ஓடிக்கொண்டிருக்கும் ஏசியை ஐந்து நட்சத்திரத்துக்காகத் தவணையில் மாற்றுவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அது பழுதாகும்போது மாற்றிக்கொள்ளலாம்.

கார்பன் கணக்கில் படிநிலை விலை எதுவும் இல்லை. இந்திய மின் தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. மேலே சொன்ன 110 யூனிட் ஆண்டுக்கு 660 ஆகும்போது, ஏறக்குறைய 450 கிலோ உமிழ்வு தவிர்க்கப்படுகிறது. 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் எரிந்தால் சுமார் 42 கிலோ வெளியாகும் என்பதால், பருப்பை ஊறவைத்துக் குக்கரில் வேகவைப்பதும் இந்தக் கணக்கில் சேரும், அளவு சிறிதென்றாலும்.

இனி சோலார். முகவர் உங்கள் இன்றைய கட்டணத்தை வைத்துக் கணக்குப் போட்டிருப்பார்: 600 யூனிட்டுக்குச் சுமார் 2,900 ரூபாய். 490க்கு இறங்கிய பிறகு அது 1,750 ரூபாய்க்கு அருகில் வந்துவிடும். ஆகவே சாதாரண மாதங்களில் சோலார் மிச்சப்படுத்தக்கூடிய தொகையும் அவ்வளவுதான். ஒரு கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும் என்று கொண்டால், 3 கிலோவாட் இரண்டு மாதங்களில் 720 யூனிட் தரும். அதில் கோடை தவிர்த்த மாதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உங்களுக்குத் தேவைப்படாது. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் மானியம் உண்டு. ஆக, சிறிய அமைப்புக்குத்தான் கிலோவாட்டுக்கு அதிக மானியம் கிடைக்கிறது. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்தபின் மின் கட்டண அட்டையைப் பார்த்து, 1 அல்லது 2 கிலோவாட் என்று முடிவு செய்யுங்கள். மானியம் அமைப்பு இயங்கத் தொடங்கிய பிறகே வங்கிக் கணக்குக்கு வரும். அதனால் முழுத் தொகையையும் கையிலோ கடனிலோ முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். இப்போதிருந்து பில்லில் மிச்சமாகும் 1,100 ரூபாயை அதற்கென ஒரு தொடர் வைப்புக் கணக்கில் போட்டு வாருங்கள்.