எழுபது நாளும் ஏழாவது கிளாஸும்

கேள்வி: என் மகன் உயர்தரம், உயிரியல் பிரிவு, தமிழ் மொழிமூலம். முதல் ஷையில், அதாவது முதல் தடவை எழுதியபோது, உயிரியலுக்கும் இரசாயனவியலுக்கும் சி, பௌதிகவியலுக்கு வெறும் சித்தியான எஸ். இப்போது செக்கண்ட் ஷை. பரீட்சைக்கு இன்னும் எழுபது நாள்தான். கிழமைக்கு ஆறு கிளாஸ் போகிறான். கொட்டாஞ்சேனையில் ஒரு பௌதிகவியல் சேர் (ஆசிரியர்) கடைசி ரிவிஷன் தொடங்கியிருக்கிறார், அதில் சேர்த்துவிடச் சொல்லி எல்லோரும் சொல்கிறார்கள். சேர்க்கலாமா? இல்லாவிட்டால் வெள்ளவத்தையிலேயே வினாத்தாள் செய்விக்கிற ஒரு பேப்பர் கிளாஸ் பார்க்கவா? காசு பிரச்சினையில்லை, அவனுடைய அப்பா கட்டாரில் இருக்கிறார். பிள்ளை இரவு ஒரு மணிவரை முழித்திருந்து படிக்கிறான், ஆனால் மாக்ஸ் ஏறவில்லை. மருத்துவம் கிடைக்குமா?
ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: சேர்க்காதீர்கள் அம்மா. கொட்டாஞ்சேனையும் வேண்டாம், வெள்ளவத்தையும் வேண்டாம். இப்போது போகிற ஆறில் நாலை இந்தக் கிழமையே நிறுத்திவிடுங்கள். எந்த இரண்டு சேர்மார் சொல்வது உண்மையில் விளங்குகிறது என்று பிள்ளையிடமே கேளுங்கள். அந்த இரண்டும் போதும்.

எழுபது நாள் இருக்கும்போது கிளாஸை நிறுத்தச் சொல்கிறாரே என்று உங்களுக்கு நெஞ்சு பதறும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் பதறியது. என் மகள் உயர்தரம் எடுத்த வருடம் பயத்தில் கிளாஸுக்கு மேல் கிளாஸாகச் சேர்த்தேன். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவளுடைய பையைத் தூக்கினேன், கை இழுத்தது. உள்ளே றப்பர் பேண்ட் போட்ட டியூட் கட்டுகள், கிளாஸில் கொடுக்கிற அச்சிட்ட பாடத்தாள்கள். இடைவெளி நிரப்புகிற பக்கமெல்லாம் சேர் சொல்லச் சொல்ல அழகான எழுத்தில் நிரப்பியிருந்தாள். ‘நீங்களே செய்து பாருங்கள்’ என்று போட்டிருந்த பக்கங்கள் ஒவ்வொன்றும் வெறுமை. கேட்டதற்கு, “எப்ப அப்பா செய்யிறது?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. அவளுடைய நேரத்தை எடுத்தவன் நான்தான்.

உங்கள் மகனின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிளாஸ் மூன்று மணித்தியாலம், போய்வரக் காத்திருக்க ஒன்றரை என்று வையுங்கள். பின்னேரத்தில் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் ஒன்றரை காணாது என்பார்கள், பரவாயில்லை. நாலு கிளாஸுக்குக் கிழமைக்கு 18 மணித்தியாலம், பத்துக் கிழமைக்கு 180.

அந்த 180இல் என்ன செய்யலாம்? இப்போதுள்ள பாடத்திட்டத்தில் முதல் பரீட்சை நடந்தது 2019இல். அதிலிருந்து 2024 வரை பாடத்துக்கு ஆறு வினாத்தாள், மூன்று பாடத்துக்கும் பதினெட்டு. ஒரு தாளின் இரண்டு பகுதிகளையும் நேரம் பிடித்து எழுத ஐந்து மணித்தியாலம், திருத்தி, பிழைத்ததைத் திரும்பப் படிக்க மூன்று. பதினெட்டுத் தாளுக்கும் 144. மிச்சம் 36. அதற்குள் பழைய பாடத்திட்டத்துப் பல்தேர்வுத் தாள்கள் பன்னிரண்டைச் செய்துவிடலாம், இப்போது பாடத்தில் இல்லாத கேள்விகளை விட்டுவிட்டு. எந்த ரிவிஷன் கிளாஸிலும் பிள்ளைக்கு இவ்வளவு எழுத நேரம் கிடைக்காது. அங்கே எழுதுகிறவர் சேர், பிள்ளை பார்த்து எழுதுகிறான்.

உயர்தரப் பாடம் முழுக்கப் படித்து ஒருமுறை பரீட்சையும் எழுதிய பிள்ளைக்குப் பாடம் தெரியாமல் இருக்க வாய்ப்புக் குறைவு. தெரிந்ததை நேரத்துக்குள் தாளில் இறக்கத் தெரியவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அப்படித்தான் பட்டது. அதற்குச் சாப்பாட்டு மேசையும் ஒரு மணிக்கூடும் வேண்டும். காலை 8.30க்கு உட்கார வையுங்கள். பரீட்சை தொடங்குகிற நேரத்துக்கு மூளை பழக வேண்டும். இரவு ஒரு மணிவரை முழித்திருக்கிற பிள்ளைக்கு 8.30 என்பது அரை நித்திரை, ஆகவே பத்தரைக்கு விளக்கை அணைக்கிறது இன்றிலிருந்து சட்டம். போனை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கல்குலேட்டருக்காகவும்தான் சொல்கிறேன். பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் மண்டபத்தில் கணிப்பானுக்கு இடமில்லை, அது தாளிலேயே அச்சிட்டிருக்கிறது. ஆனால் வீட்டில் பிள்ளைகள் பெருக்கல் பிரித்தலை எல்லாம் போனில் தட்டித்தான் செய்கிறார்கள். பிறகு மண்டபத்தில் தசமத்தைக் கையால் வகுக்கும்போது நிமிடங்கள் ஓடிப்போகின்றன. மடக்கை அட்டவணையை இப்போதே கையில் கொடுங்கள்.

முதலாம் பகுதியில் 50 பல்தேர்வு, இரண்டு மணித்தியாலம். ஒரு கேள்விக்கு இரண்டே கால் நிமிடத்துக்குச் சற்று மேல். நாலு நிமிடம் பிடிக்கிற ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டால், பின்னால் கிடக்கிற இலகுவான கேள்வி ஒன்று போய்விடும். அதற்கு அடையாளம் போட்டுவிட்டு மேலே போகப் பழக வேண்டும். ஐந்து விடையில் ஒன்றுக்குத்தான் புள்ளடி, பிழைத்தால் புள்ளி கழிப்பதில்லை. அப்படியிருந்தும் கட்டத்தை வெறுமையாக விட்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றையும் விடக்கூடாது.

இரண்டாம் பகுதிதான் பிள்ளைகளைக் கவிழ்க்கிற இடம். மூன்று பாடத்திலும் அமைப்புக் கட்டுரை நாலு கட்டாயம், கட்டுரை வினா நாலு தெரிவு. உயிரியலில் அமைப்புக் கட்டுரை ஒன்றுக்கு 100, கட்டுரை ஒன்றுக்கு 150, மொத்தம் 1000. அதாவது இரண்டாம் பகுதியின் நூற்றுக்கு அறுபது கட்டுரையில் இருக்கிறது. நேரம் மூன்று மணித்தியாலம், அதற்கு மேல் வாசிக்கப் பத்து நிமிடம். பிள்ளைகள் செய்வது என்ன? அமைப்புக் கட்டுரையில் புள்ளிக்கோடு போட்டு இடம் விட்டிருப்பதால் அதை நிரப்பாமல் மனம் ஆறாது. ஒவ்வொன்றிலும் அரை மணித்தியாலம் இருந்துவிடுகிறார்கள். இரண்டு மணித்தியாலம் முடிந்தது. 600 புள்ளிக்கு ஒரு மணித்தியாலம்தான் மிச்சம். கடைசிக் கட்டுரையில் இரண்டு வரியும் ஒரு படமும் கீறும்போது மணி அடிக்கிறது. உங்கள் மகனின் முதல் ஷை இப்படித்தான் முடிந்ததா என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள். அமைப்புக் கட்டுரை ஒன்றுக்கு 18 நிமிடம், கட்டுரை ஒன்றுக்கு 27 நிமிடம். ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள், அதன்படியே எழுதிப் பழகட்டும்.

எழுதி முடித்ததும் பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளி வழங்கும் திட்டத்தை எடுத்துச் சிவப்புப் பேனையால் அவனே திருத்த வேண்டும். சேரிடம் கொடுத்தால் இரண்டு கிழமை கழித்து ஒரு எண் மட்டும் வரும். தானே திருத்தினால், எந்த வசனத்துக்குப் புள்ளி விழுகிறது, தான் அரைப் பக்கம் எழுதியதில் எவ்வளவு வீண் என்று அவன் கண்ணால் பார்ப்பான். நீங்களும் பக்கத்தில் உட்காரலாம். திட்டத்தில் இருக்கிற குறிப்பு பிள்ளையின் விடையில் இருக்கிறதா என்று பார்க்க இரசாயனவியல் தெரிந்திருக்கத் தேவையில்லை.

விளங்காத இடத்துக்கு மகரகம தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூலைத் திறக்கச் சொல்லுங்கள். தமிழ் மொழிமூலப் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். யூடியூபில் தமிழ்நாட்டுப் பாடங்களைப் பார்க்கிற பழக்கம் இப்போது கூடியிருக்கிறது. நல்ல பாடங்கள்தான், ஆனால் அங்கே ஒளிச்சேர்க்கை, சவ்வூடுபரவல். நம்முடைய தாளில் வருவது ஒளித்தொகுப்பு, பிரசாரணம். தெரிந்த விஷயமே வேறு சொல்லில் வந்தால் பதற்றத்தில் இருக்கிற பிள்ளை ஒரு கணம் நின்றுவிடுவான். எழுபது நாளில் இரண்டு சொற்களஞ்சியம் வேண்டாம்.

பௌதிகவியலின் எஸ் பற்றி. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி மூன்று பாடத்தினதும் சராசரி, ஆகவே ஒன்று கீழே கிடந்தால் மற்ற இரண்டையும் பிடித்து இழுக்கும். உயிரியல் பிள்ளைகள் பிடித்த உயிரியலையே திரும்பத் திரும்பப் படிப்பார்கள், மனசுக்குத் தைரியம் தருகிறது அல்லவா. நாளின் முதல் நேரத்தைப் பௌதிகவியலுக்குக் கொடுங்கள். அதன் அமைப்புக் கட்டுரைகள் பெரும்பாலும் பாடசாலை ஆய்வுகூடத்தில் செய்த பரிசோதனைகளிலிருந்து வருபவை. செக்கண்ட் ஷைப் பிள்ளை பாடசாலையை விட்டு வந்துவிட்டதால் செய்முறைக் கொப்பி அலுமாரிக்கு மேலே போயிருக்கும். இறக்கித் தூசு தட்டுங்கள். எளிய ஊசலிலிருந்து பரிவுக் குழாய்வரை ஒவ்வொரு பரிசோதனைக்கும் எதை அளந்தோம், எந்த வரைபைக் கீறினோம், படித்திறனிலிருந்து எதைக் கண்டோம் என்று ஒரு பக்கம் எழுதட்டும். இந்தப் பாடத்தில் அவன் ஆகக் குறைந்த நேரத்தில் ஏறக்கூடிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, பரீட்சைக்குச் சில நாள் முன்பிருந்து டியூஷன் வகுப்பு, செமினார், மாதிரி வினாத்தாள் எல்லாவற்றையும் திணைக்களம் தடைசெய்துவிடும். 1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டத்தின்படி அது குற்றம். கடைசி நாட்களில் எப்படியும் பிள்ளை தனியாகத்தான் மேசையில் இருக்க வேண்டும். அந்தத் தனிமை அவனுக்கு அன்றைக்குத்தான் புதிதாக வரக்கூடாது.

சரி, மருத்துவம். உங்களிடம் பொய் சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு சி, ஒரு எஸ் என்ற இடத்திலிருந்து எழுபது நாளில், அதுவும் கொழும்பு மாவட்டத்தில், மருத்துவம் கிடைக்கும் என்று நான் எழுதமாட்டேன். பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்பில் போட்டி எவ்வளவு கடுமை என்பது உங்களுக்கே தெரியும். அந்தச் சொல்லை இந்த எழுபது நாளும் வீட்டில் எடுக்காதீர்கள், கட்டாரிலிருந்து அப்பா பேசும்போதும்தான். உயிரியல் பிரிவில் தாதியியல், மருந்தாளர், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், விவசாயம் எல்லாம் இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவம் இருக்கிறது. சி இரண்டு பி ஆகி, எஸ் சி ஆனாலே இவற்றில் சில கதவுகள் திறக்கக்கூடும். அதுதான் இப்போதைய வேலை.

வருகிற ஞாயிறு காலை 8.30. 2019ஆம் ஆண்டு இரசாயனவியல் பல்தேர்வுத் தாள், ஒரு பென்சில், ஒரு மணிக்கூடு. 10.30க்குத் தாளை அவன் கையிலிருந்து வாங்கிவிடுங்கள், முடிக்கவில்லை என்றாலும். ஐம்பதில் எத்தனை சரி, எத்தனையாவது கேள்வியில் நேரம் முடிந்தது, இந்த இரண்டையும் எனக்கு எழுதுங்கள்.