குத்திய ஊசியும் கொண்டை ஊசி வளைவும்

மலையில் வேலை பார்க்கும் நர்ஸ்கள் மூவரின் கேள்விகள் இந்த இதழில்.

பந்தலூர் பக்கம் ஒரு நலவாழ்வு மையத்தில் இடைநிலை சுகாதாரப் பணியாளராக இருக்கிறேன். நேற்று மதியம், நோயாளிக்குச் சர்க்கரை பார்த்த லான்செட் (விரலில் குத்தி ரத்தம் எடுக்கும் சின்ன ஊசி) என் விரலில் குத்திவிட்டது. ரத்தத்தைப் பிதுக்கிவிட்டு ஸ்பிரிட் தடவினேன். நோயாளி தனக்கு ஒன்றும் இல்லை என்றார். அப்படியே விடலாமா?

விடக் கூடாது. இதைப் படித்ததும் கிளம்புங்கள்.

பிதுக்கினால் காயத்தைச் சுற்றியுள்ள சதை நசுங்கும். ஸ்பிரிட் எரிச்சலைக் கூட்டும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். விரலை வாயில் வைக்கவே கூடாது.

எச்.ஐ.வி தடுப்பு மாத்திரையின் முதல் டோஸ் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போவது நல்லது. 72 மணி நேரம் வரை கெடு உண்டு, அதனால் உங்களுக்கு இன்னும் வழி இருக்கிறது. சமவெளியில் இரண்டு மணி நேரம் தாராளம். உங்கள் ரோட்டில் ஒரு மரம் சாய்ந்தால் அதுவே போச்சு. எந்த ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் மாத்திரை இருக்கிறது, ராத்திரியில் யார் எடுத்துத் தருவார் என்று முன்கூட்டியே கேட்டு, அந்த நம்பரை ஹப் கட்டர் (போட்ட ஊசியை வெட்டும் கருவி) இருக்கும் மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள்.

'ஒன்றும் இல்லை' என்ற பேச்சு ரிப்போர்ட் ஆகாது. நோயாளியின் சம்மதத்தோடு எச்.ஐ.வி, ஹெபடைட்டிஸ் பி, சி மூன்றுக்கும் ரத்தம் எடுக்க வேண்டும். ரிசல்ட் வரட்டும் என்று முதல் டோஸைத் தள்ளிப்போடாதீர்கள். நெகட்டிவ் என்று தெரிந்தால் டாக்டர் நிறுத்தச் சொல்வார். வழக்கமாகத் தருவது டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் சேர்ந்த மாத்திரை, தினம் ஒன்று, 28 நாள். நம் நர்ஸ்களில் பலர் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அவை டோலுடெக்ராவிரை உடம்பில் சேர விடாது. அதனால் இதை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் பின்போ போடுங்கள்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டிருக்கிறீர்களா? போட்ட பிறகு ரத்தத்தில் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) அளவு 10 mIU/ml-க்குக் குறையாமல் வந்திருந்தால் அந்தக் கவலை இல்லை. போடாதவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் (ஆன்டிபாடியை நேரடியாகத் தரும் ஊசி) 24 மணி நேரத்துக்குள் கிடைப்பது நல்லது. அந்தக் கணக்கில் உங்களுக்கு இன்று மதியம்தான் எல்லை. ஊழியர்களுக்கு இந்தத் தடுப்பூசி போட வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு என்று 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளே சொல்கின்றன. கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நடந்ததை ரிஜிஸ்டரில் எழுதி, மெடிக்கல் ஆபீசரிடம் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.

கிரிட்டிக்கல் கேர் நர்ஸ் ப்ராக்டிஷனர் படித்துவிட்டு ஊட்டியில் ஐ.சி.யூ.வில் இருக்கிறேன். தொடர்ந்து ஐந்து நைட். காலையில் மீட்டிங் வேறு. முடித்துவிட்டு ஸ்கூட்டரில் மசினகுடிக்கு இறங்கும்போது கண் சொருகுகிறது.

கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவுகள். இப்போது எந்த வளைவைக் கடந்தோம் என்று ஞாபகம் வரவில்லையா? சில நொடி தூங்கியிருக்கலாம். முகத்தில் அடிக்கும் குளிர்காற்று அதைத் தடுக்காது. கிளம்பும் முன் 20 நிமிடம் படுங்கள். எழுந்த உடனே மந்தமாக இருக்கும், இன்னொரு கால் மணி நேரம் கழித்து வண்டியை எடுங்கள். அப்போதும் தெளியவில்லையென்றால் பஸ்தான். காபியை விடியற்காலை மூன்று மணியோடு நிறுத்தினால் வீட்டில் தூக்கம் வரும்.

ஆனால் கோளாறு டியூட்டி சார்ட்டில் இருக்கிறது. சேர்ந்தாற்போல மூன்று நைட்டுக்கு மேல் வேண்டாம், இரண்டு டியூட்டிக்கு நடுவே 11 மணி நேரமாவது இடைவெளி வேண்டும், மாற்றுவதானால் காலை, மதியம், இரவு என்ற வரிசையில் மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். நைட் முடித்தவரை மீட்டிங்கில் உட்கார வைப்பது அவருடைய தூக்கத்திலிருந்து திருடுவது. மீட்டிங் தேதிகளையும் உங்கள் டியூட்டியையும் ஒரே தாளில் எழுதிக் காட்டினால் அதிகம் பேச வேண்டியிருக்காது.

கொடைக்கானலில் எங்கள் டியூட்டி ரூமில் ராத்திரி கரி அடுப்பு வைத்துக்கொண்டு படுக்கிறோம். காலையில் எல்லோருக்கும் தலைவலி.

இன்றே அடுப்பை வெளியே எடுங்கள். தலைவலிக்குக் காரணம் எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவாக இருக்கும். வாசனை இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு காட்டும் கருவி) மாட்டிப் பார்த்து 98 காட்டுகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அந்தக் கருவிக்கு இந்த வாயு ஏறிய ரத்தமும் ஆக்ஸிஜன் ஏறிய ரத்தமும் ஒன்றுதான். குளிருக்கு வெந்நீர்ப் பையும் கூடுதல் கம்பளியும் கேட்டு வாங்குங்கள்.