ஓரடுக்குப் படலம்: உங்கள் கேள்விகளும் பதில்களும்
(ஓரடுக்குப் படலம்: உலோகத்தின் மேல் ஒரே ஒரு மூலக்கூறு தடிப்பில் தானாகப் படிந்து, தண்ணீரை விலக்கி அரிப்பைத் தடுக்கும் பூச்சு.)

அலுமினியத் தகட்டைத் தயால் கரைசலில் முக்கினேன். தண்ணீர் அப்படியே பரவுகிறதே?
தயால் என்பது கார்பன் சங்கிலியின் முனையில் கந்தகம் உள்ள சேர்மம். அந்தக் கந்தகம் தங்கம், வெள்ளி, செம்பைத்தான் நன்றாகப் பிடிக்கும். அலுமினியத்தின் மேல் இருப்பது ஆக்சைடு. அதைப் பிடிப்பது ஆக்டாடெசில் பாஸ்போனிக் அமிலம்: எத்தனாலில் 1 மில்லிமோலார் செறிவுள்ள கரைசலில் ஓர் இரவு ஊறட்டும். கழுவி, 120 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள்.

மூன்று நாள் ஊறினால் படலம் தடிக்குமா?
தடிக்காது. ஓரடுக்கு என்றால் ஓரடுக்குதான். சுமார் 2 நானோமீட்டர். காற்று கரைந்த கரைசலில் நாள்கணக்கில் கிடந்தால் செம்புதான் அரிபடும்.

செம்பில் செய்து பார்த்தேன், ஒரு வாரத்தில் கறுத்துவிட்டது. இந்த முறையே வீண்தானா?
எந்தத் தயால், எப்படித் துடைத்தீர்கள், எங்கே வைத்தீர்கள், ஒன்றுமே எழுதவில்லை. இப்படி வரும் கடிதங்களில் பெரும்பாலும் தவறு ஒன்றே: ஆக்சைடை எடுக்காமல் முக்குவது. பளபளப்பாகத் தெரிவது சுத்தம் ஆகாது! 1200 எண் உப்புத்தாளில் தேய்த்து, அசிட்டோனில் எண்ணெய் போக்கி, அடர் அசிட்டிக் அமிலத்தில் 10 நிமிடம் வையுங்கள். ஆக்சைடு கரையும், உலோகத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. எத்தனாலில் அலசி, உலர விடாமல், ஈரத்தோடு கரைசலில் இறக்குங்கள். காற்றில் ஆறப்போட்டால் ஆக்சைடு உடனே திரும்ப வளரத் தொடங்கிவிடும். செய்த வேலை பாழ்.

கரைசலுக்கு 100 மில்லி எத்தனாலில் 30 மில்லிகிராம் ஆக்டாடெக்கேன் தயால் போதும். முன்னதாக, கரைந்த காற்று வெளியேற, எத்தனாலில் அரை மணி நேரம் நைட்ரஜன் விடுங்கள். ஒரு நாள் கழித்து எடுத்து, எத்தனாலில் நன்றாக அலசி நைட்ரஜனில் உலர்த்துங்கள். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர்: மணியாக உருண்டு, தொடுகோணம் (சொட்டின் விளிம்பு தகட்டோடு சேரும் கோணம்) 110 டிகிரிக்கு மேல் நின்றால் படலம் சரி. கிடுக்கி பிடித்த ஓரத்தில் மட்டும் சொட்டு படுத்துவிட்டால் அங்கே படலம் இல்லை. அரிப்பு அங்கிருந்துதான் கிளம்பும்.

டோடெக்கேன் தயால் மலிவு. அது போதாதா?
சில நாளைக்குப் போதும். அதன் கார்பன் சங்கிலி ஆக்டாடெக்கேன் தயாலுடையதைவிடக் குட்டை. சங்கிலி நீள நீள ஆக்சிஜன் நுழைவது குறையும். செம்பில் இதை லைபினிஸ், வைட்சைட்ஸ் என்ற வேதியியலாளர்கள் 1992-லேயே காட்டிவிட்டார்கள்.

வெள்ளி விளக்குக்கு இது ஆகுமா?
ஆகும். வெள்ளி கறுக்காமல் காக்கும் பாலிஷ்கள் சிலவற்றில் இருப்பது இந்த வகைச் சேர்மம்தான். முதலில் கறுப்பை முழுதும் எடுங்கள் (மறுபடியும் சொல்கிறேன், சுத்தம்!). சுடர் படும் முகத்தில் நிற்காது. 100 டிகிரியைத் தாண்டினால் தயால் படலம் கழலத் தொடங்கும். சாப்பிடும் பாத்திரத்தில் போடாதீர்கள்.